எஸ்எஸ்ஹெச் மெதுவாகப் போகிறது என்று குறியாக்கத்தை விட்டுவிடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு லினக்ஸ் சர்வர்கள், நடுவில் 10 ஜிகாபிட் ஸ்விட்ச். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 8 டெராபைட் போக வேண்டும். பாதி விர்ச்சுவல் மெஷின் இமேஜ்கள், மீதி டேட்டாபேஸ் பேக்கப்கள். சனி, ஞாயிறு மட்டும்தான் அவகாசம். கோப்புகளைக் காப்பி செய்யும் ஆர்சிங்க்கை ஏ, வி, இசட் ஆப்ஷன்களோடு, இரண்டு இயந்திரங்களைக் குறியாக்கத்தோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டினால் நொடிக்கு 45 எம்பிதான் வருகிறது. யாரோ ஆர்க்ஃபோர் என்ற சைஃபரை, அதாவது குறியாக்க முறையை, போடச் சொன்னார்கள்; அப்படி ஒரு சைஃபரே தெரியாது என்று எஸ்எஸ்ஹெச் நின்றுவிட்டது. குறியாக்கமே வேண்டாம், டேட்டாவை அப்படியே தள்ளிவிடும் நெட்கேட் கருவியில் அனுப்பிவிடு என்பது அடுத்து வந்த யோசனை. செய்யலாமா?

45 எம்பி வேகத்தில் 8 டெராபைட் போய்ச்சேர 49 மணி நேரம் ஆகும். அதனால் உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் உங்களைத் தடுப்பது குறியாக்கம் இல்லை, அந்த இசட். ஆர்சிங்க்கில் இசட் என்றால் அனுப்பும் டேட்டாவைச் சுருக்கி அனுப்பு என்று பொருள். பழைய ஆர்சிங்க் பதிப்புகளில் அந்தச் சுருக்கும் வேலையை இசட்லிப் என்ற நிரல் தொகுப்பு செய்கிறது, அதுவும் ஒரே ஒரு சிபியு கோரில். வீட்டு பிராட்பேண்டுக்கு அது நல்ல ஆப்ஷன். 10 ஜிகாபிட் லைனில் அது கழுத்தில் கட்டிய கல்.

இதை நீங்களே கண்ணால் பார்த்துவிடலாம். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது அனுப்பும் சர்வரில், எந்த நிரல் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப்பைத் திறந்து, விசைப்பலகையில் 1 எண்ணை அழுத்துங்கள். கோர் கோராகப் பிரிந்து தெரியும். ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், மற்றவை சும்மா இருக்கும். கீழே பட்டியலில் அந்த 100 சதவீதத்தை யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்சிங்க் 100-இலும் எஸ்எஸ்ஹெச் ஒற்றை இலக்கத்திலும் இருந்தால், குறியாக்கம் செய்கிற ஆள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். எஸ்எஸ்ஹெச் 100-இல் இருந்தால் மட்டுமே குறியாக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டுமே 30, 40 சதவீதத்தில் இருந்தால் தடை டிஸ்க்கிலோ நெட்வொர்க்கிலோ இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெட்கேட்டுக்கு மாறினால் உங்களுக்கு வேகம் கண்டிப்பாகக் கூடும். ஏனென்றால் எஸ்எஸ்ஹெச்சோடு சேர்ந்து இசட்டும் போய்விடும். குறியாக்கத்தை விட்டதால்தான் வேகம் வந்தது என்று நீங்கள் முடிவு கட்டுவீர்கள், அடுத்தவருக்கும் அதையே சொல்வீர்கள். எஸ்எஸ்ஹெச்சைப் பற்றிய கெட்ட பெயரில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

சரி, எதையும் மாற்றுவதற்கு முன் நான்கு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. முதலில் ஐபெர்ஃப்3 வைத்து நெட்வொர்க்கை மட்டும் அளங்கள். 10 ஜிகாபிட் லைன் சரியாக இருந்தால் நொடிக்கு 1.1 ஜிபிக்குப் பக்கத்தில் வரும். இரண்டாவது டிஸ்க். அனுப்பும் பக்கத்தில் ஒரு பெரிய கோப்பைப் படித்து, எதைப் போட்டாலும் மறைந்துவிடும் டெவ்-நல்லில் கொட்டுங்கள். வாங்கும் பக்கத்தில் ஒரு பெரிய கோப்பை எழுதி, கடைசியில் சிங்க் கட்டளை (எல்லாம் டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்வது) முடியும்வரை காத்திருந்து நேரத்தைக் குறியுங்கள். ராமில் தங்கிவிடும் காப்பியான கேஷ் நம்மை ஏமாற்றும் என்பதால் கோப்பு சர்வரின் ராமைவிடப் பெரியதாக இருக்கட்டும். மூன்றாவது, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் தொகுப்பின் ஸ்பீடு கட்டளையில் ஏஇஎஸ்-128-ஜிசிஎம் சைஃபரை அளங்கள். கடைசியாக, டிஸ்க்கே இல்லாமல், இங்கிருந்து ஜீரோக்களை எஸ்எஸ்ஹெச் வழியாகத் தள்ளி, அந்தப் பக்கம் டெவ்-நல்லில் விழவிடுங்கள். எஸ்எஸ்ஹெச்சால் உங்கள் இயந்திரங்களில் அதிகபட்சம் என்ன முடியும் என்பதை இந்த நான்காவது எண் சொல்லிவிடும்.

வாங்கும் சர்வரில் சுழலும் ஹார்ட் டிஸ்க்குகள் நான்கு சேர்ந்த ரெய்டு என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து எழுதினால் நொடிக்கு 400 எம்பி வந்தால் அதுவே நல்ல எண். அந்த வேகத்தில் 8 டெராபைட் ஐந்தரை மணி நேரம். எஸ்எஸ்ஹெச்சின் எண்ணும் அதே 400-ஐத் தாண்டினால், குறியாக்கத்தை விட்டு உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை. டிஸ்க்குக்கு மேல் யாராலும் எழுத முடியாது.

அப்புறம் அந்த ஆர்க்ஃபோர் கதை. அது ஒரு காலத்தில் நல்ல ஆலோசனையாகவே இருந்தது. 2000-களின் சிபியுக்களில் ஏஇஎஸ் கணக்கு முழுவதும் மென்பொருளில் நடந்தது. ஆர்க்ஃபோரும் ப்ளோஃபிஷும் அதைவிட இலகுவானவை. 2010-இல் இன்டெல் வெஸ்ட்மியர் சிபியுக்களில் ஏஇஎஸ்-என்ஐ என்ற கட்டளைத் தொகுப்பு வந்தது. ஏஇஎஸ்ஸின் ஒரு சுற்றையே சிலிக்கான் ஒரே கட்டளையில் செய்துவிடுகிறது. அதோடு கணக்கு தலைகீழாகிவிட்டது. இன்று ஒரு சாதாரண சர்வர் சிபியுவின் ஒரே கோர் நொடிக்கு 2 ஜிபிக்கு மேல் ஏஇஎஸ்-ஜிசிஎம் போடும். மென்பொருளிலேயே ஓட வேண்டிய ஆர்க்ஃபோர் அதன் பக்கத்தில் வர முடியாது. அதன் பலவீனங்களும் வெளிப்பட்டுவிட்டதால், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் எஸ்எஸ்ஹெச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2014-இல் 6.7 பதிப்பில் சர்வர் பக்கம் அதை அணைத்தது. 2017-இல் 7.6 பதிப்பில் ஆர்க்ஃபோர், ப்ளோஃபிஷ், காஸ்ட் மூன்றையும் நிரலிலிருந்தே எடுத்துவிட்டது. உங்கள் எஸ்எஸ்ஹெச் நின்றது இதனால்தான். பழைய பதிப்பைத் தேடி நிறுவச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மெதுவாகவும் போகும், பாதுகாப்பும் இருக்காது.

செய்ய வேண்டியது வேறு. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் விருப்பப் பட்டியலின் தலையில் இருப்பது சாச்சா20-பாலி1305. 2014 தொடக்கத்தில் 6.5 பதிப்பில் வந்தது. மிக நல்ல சைஃபர், ஆனால் அதற்கென்று சிபியுவில் தனிச் சிலிக்கான் இல்லை. ஏஇஎஸ் வசதி உள்ள சிபியுவில் ஏஇஎஸ்-128-ஜிசிஎம் அதை எளிதாக முந்தும். எனவே எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு சர்வருக்கு மட்டும் சைஃபர்ஸ் என்ற வரியில் ஏஇஎஸ்-128-ஜிசிஎம்மின் முழுப் பெயரை (aes128-gcm@openssh.com) எழுதிவிடுங்கள். குறியாக்கத்தில் ஒரு துளிகூட விட்டுக்கொடுக்காமல் வேகம் கூடுகிற இடம் இது. இரண்டு பக்கமும் சிபியு தகவல் கோப்பில் ஏஇஎஸ் என்ற கொடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை 4-இல் அது கிடையாது, பை 5-இல் உண்டு. விலை குறைந்த சில பழைய நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளிலும் இருக்காது. அங்கே சாச்சா20 தான் சரி.

எஸ்எஸ்ஹெச்சின் உண்மையான குறை வேறொன்று: ஒரு இணைப்பு ஒரே கோரில்தான் ஓடும். 32 கோர் சர்வராக இருந்தாலும் ஒரு எஸ்எஸ்ஹெச் ஒரு கோருக்கு மேல் தொடாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலிலிருந்து டேட்டாவை எடுப்பது, குறியாக்குவது, திரும்பக் கெர்னலிடம் கொடுப்பது எல்லாம் அந்த ஒரே கோரின் தலையில். அதனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 2 ஜிபி காட்டினாலும் எஸ்எஸ்ஹெச்சில் அதில் ஒரு பங்குதான் வரும். நான் வேலை செய்த சர்வர்களில் 400 முதல் 700 எம்பி வரை பார்த்திருக்கிறேன். இதற்கு வழி மிக எளிது. நான்கு ஆர்சிங்க்குகளை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். இமேஜ் கோப்புறைகளை நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒன்று. நான்கு எஸ்எஸ்ஹெச், நான்கு கோர். வாங்கும் பக்கம் எஸ்எஸ்டியாக இருந்தால் 10 ஜிகாபிட் லைனே நிரம்பிவிடும். சுழலும் டிஸ்க் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க்கின் தலை அங்கும் இங்கும் ஓடியே நேரம் போய்விடும்.

இசட்டை எடுத்தவுடன் ஒரு பக்கவிளைவு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களில் பல, 500 ஜிபி என்று காட்டினாலும் உள்ளே 80 ஜிபிதான் நிரம்பியிருக்கும். மீதி ஓட்டை, படித்தால் ஜீரோ ஜீரோவாக வரும். இசட் இருந்தவரை அந்த ஜீரோக்கள் சுருங்கிப் போய்க்கொண்டிருந்தன. இசட் இல்லாவிட்டால் அவை அத்தனையும் லைனில் பயணம் செய்யும். ஆர்சிங்க்கில் ஸ்பார்ஸ் ஆப்ஷன் இருக்கிறதே என்பீர்கள். அது வாங்கும் பக்கத்தில் ஓட்டையை ஓட்டையாக எழுதத்தான் உதவும், அனுப்புவதைக் குறைக்காது. கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் டாருக்கும் ஸ்பார்ஸ் ஆப்ஷன் உண்டு. அது அனுப்பும் பக்கத்திலேயே ஓட்டைகளைக் கண்டுபிடித்து, அவற்றை அனுப்பாமலே விட்டுவிடும். எனவே இமேஜ்களுக்கு டார், நடுவில் எஸ்எஸ்ஹெச் குழாய், அந்தப் பக்கம் பிரிக்கும் டார். 500 ஜிபி கோப்பு 80 ஜிபியாகப் போகும். எந்தச் சைஃபரை மாற்றினாலும், சைஃபரே இல்லாமல் போனாலும், இந்த அளவு லாபம் உங்களுக்குக் கிடைக்காது. லட்சக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தாலும் இதே டார் வழிதான் நல்லது.

சர்வர்கள் ஒரே அறையில் இல்லாமல் கண்டம் தாண்டி இருந்தால் கதை மாறும். எஸ்எஸ்ஹெச்சுக்குள் ஒவ்வொரு சானலுக்கும் ஒரு விண்டோ உண்டு; எதிர்ப்பக்கம் வாங்கிக்கொண்டேன் என்று சொல்வதற்கு முன் எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவு அது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் அது 2 எம்பி. போய்வர 200 மில்லிநொடி ஆகும் லைனில், நொடிக்கு ஐந்து முறைதான் பதில் வரும். ஐந்து இரண்டு பத்து. நொடிக்கு 10 எம்பி. லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும், சிபியு எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஒரு இணைப்புக்கு அவ்வளவுதான். இதையும் பலர் குறியாக்கத்தின் சுமை என்றே நினைக்கிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டரில் உருவான ஹெச்பிஎன்-எஸ்எஸ்ஹெச் என்ற மாற்றுப் பதிப்பு முதலில் சரிசெய்தது இந்த விண்டோவைத்தான். உங்கள் நிலையில் இரண்டும் ஒரே ஸ்விட்ச்சில் இருப்பதால் இது உங்களைத் தொடாது.

குறியாக்கத்தை விடும் ஆப்ஷன் வந்ததும் அதே ஹெச்பிஎன்-எஸ்எஸ்ஹெச்சில்தான். அதை அவர்கள் செய்த விதம் எனக்குப் பிடிக்கும். இணைப்பு தொடங்குவதும், சர்வரின் சாவியைச் சரிபார்ப்பதும், நீங்கள் யார் என்று நிரூபிப்பதும் முழுக் குறியாக்கத்தோடு நடக்கும். அதற்குப் பிறகே, டேட்டாவுக்கு மட்டும், 'நன்' என்ற வெற்றுச் சைஃபருக்கு மாறும். ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் செஷனில் மாறவே மாறாது, ஏனென்றால் அங்கே யாராவது நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளைக்கான கடவுச்சொல்லை அடிப்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேக் என்ற சரிபார்ப்பு முத்திரை அப்போதும் தொடரும். அதாவது வழியில் இருப்பவர் டேட்டாவைப் படிக்கலாம், ஆனால் மாற்ற முடியாது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் இப்படி ஒரு ஆப்ஷனைப் பயனருக்குத் தரவே இல்லை. அந்த முடிவிலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்: கான்ஃபிக்கில் ஒரு வரி இருந்தால், அது ஒரு நாள் தவறான இடத்திற்கு காப்பி ஆகும்.

எஸ்எஸ்ஹெச் பிறந்த கதையை இங்கே நினைவுபடுத்துவது பொருத்தம். 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த, தொலைவிலிருந்து கட்டளை இடவும் கோப்பு அனுப்பவும் பயன்பட்ட ஆர்எஸ்ஹெச், ஆர்சிபி கருவிகளில் குறியாக்கம் கிடையாது. இன்ன இயந்திரத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னால் நம்பிவிடும். பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதிலும், அதேபோலக் குறியாக்கம் இல்லாத டெல்நெட்டிலும்தான் ஓடின, எல்லாம் நம்முடைய நெட்வொர்க்தானே என்ற தைரியத்தில். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேகரித்திருந்தது தெரியவந்தது. அங்கே இருந்த தாத்து யுலோனன் அதற்குப் பதிலாக எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டைக் கேட்டு வாங்கினார்.

நெட்கேட்டுக்கு வருவோம். குறியாக்கத்தை மட்டும் விடுகிறோம் என்று நினைத்து அதற்குப் போகிறவர்கள் உண்மையில் மூன்றை விடுகிறார்கள். டேட்டாவை மறைப்பது ஒன்று. எதிரில் இருப்பது யார் என்ற சரிபார்ப்பு இரண்டாவது. போனது முழுதாகவும் மாறாமலும் போனதா என்ற உறுதி மூன்றாவது. என் அனுபவத்தில் உடனடியாக வலிப்பது மூன்றாவதுதான்.

பல வருடம் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், ஒரு டேட்டாபேஸ் டம்ப்பை நெட்கேட்டில் அனுப்பினேன். வாங்கும் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட்: நெட்கேட் நல்லபடி முடிந்தால் வெற்றி என்று குறித்துக்கொள், பழைய காப்பியை அழி. நடுராத்திரி அனுப்பும் இயந்திரத்தில் நினைவகம் தீர்ந்து, கெர்னல் அங்கிருந்த நெட்கேட்டைக் கொன்றுவிட்டது. ஒரு புரோசஸ் செத்தால் அதன் நெட்வொர்க் இணைப்பை (டிசிபி) கெர்னல் ஒழுங்காகவே மூடிவிடும். வாங்கும் பக்கத்து நெட்கேட்டுக்கு, அனுப்பி முடித்துவிட்டார்கள் என்பதும் பாதியில் செத்துவிட்டார்கள் என்பதும் ஒன்றுபோலவே தெரியும். அது சுழியம் என்ற வெற்றிக் குறியோடு வெளியேறியது. பழைய காப்பி அழிந்தது. மூன்று நாள் கழித்து ரீஸ்டோர் செய்து பார்த்தபோது கடைசி டேபிள் ஒரு வரியின் நடுவில், ஒரு வாடிக்கையாளர் முகவரியின் பாதியில் முடிந்திருந்தது. மூலம் அப்போதும் இருந்ததால் பிழைத்தேன். ஆர்சிங்க்காக இருந்திருந்தால் கோப்பின் நீளம் அதற்கு முன்பே தெரியும். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்து சரிபார்த்த பிறகே உண்மையான பெயரைக் கொடுக்கும். அன்று முதல் இரு பக்கமும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணை எடுத்து ஒப்பிடாமல் நான் எந்தக் காப்பியையும் முடிந்தது என்று சொல்வதில்லை. டிசிபியின் சொந்தச் சரிபார்ப்பு 16 பிட் மட்டுமே. 8 டெராபைட்டுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

எங்கள் சொந்த நெட்வொர்க்தான், வெளியார் யாரும் இல்லை என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. கூகுள் தன் டேட்டா சென்டர்களுக்கு நடுவே தனி ஃபைபர் லைன்கள் வைத்திருந்தது. மஸ்குலர் என்ற பெயரில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் அப்படிப்பட்ட லைன்களிலிருந்து டேட்டாவை எடுத்துக்கொண்டிருந்தது 2013 அக்டோபரில் ஸ்னோடன் ஆவணங்கள் மூலம் வெளியே வந்தது. சொந்த லைன்களையும் குறியாக்கும் வேலையை அந்த நிறுவனம் அதே ஆண்டு முடுக்கிவிட்டது. உங்களை உளவு அமைப்பு தேடி வராது, சரி. ஆனால் உங்கள் ஸ்விட்ச்சில் வேறு என்னவெல்லாம் மாட்டியிருக்கிறது? பழைய பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர், யாருடையது என்றே தெரியாத ஒரு டெஸ்ட் மெஷின். அதில் ஒன்று ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால், அந்த 8 டெராபைட்டில் எல்லா இமேஜ்களும், அவற்றுக்குள் இருக்கும் எல்லாச் சாவிகளும், கடவுச்சொல் ஹேஷ்களும் அவர் எட்டக்கூடிய தூரத்தில் வெளிப்படையாகப் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறியாக்கத்தை விடுவது சரியான இடம் உண்டா? உண்டு. இரண்டு சர்வரும் ஒரே ரேக்கில் இருந்து, இரண்டிலும் ஒரு 10 ஜிகாபிட் போர்ட் காலியாக இருந்தால், ஸ்விட்ச்சே இல்லாமல் ஒரு கேபிளை நேராக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாட்டுங்கள். அந்தக் கேபிளில் மூன்றாவது ஆள் இல்லை. அதேபோல் பேக்கப்கள் ஏற்கெனவே ரெஸ்டிக், போர்க், ஜிபிஜி போன்ற ஒன்றால் குறியாக்கப்பட்ட கோப்புகளாக இருந்தால், வழியில் மறுபடி குறியாக்குவதில் பெரிய அர்த்தம் இல்லை. அப்போதும் நெட்கேட் வேண்டாம், பின்னணியில் சர்வராக ஓடும் ஆர்சிங்க் டீமன் போதும். அது 873-ஆம் போர்ட்டில் கேட்கும், டேட்டாவைக் குறியாக்காது, ஆனால் கோப்பின் நீளமும் சரிபார்ப்பும் அப்படியே இருக்கும். அதை அந்த நேர்க் கேபிளின் ஐபி முகவரியில் மட்டும் கேட்கவையுங்கள், எதிர்ச் சர்வரின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள், வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். பதிப்பு 3.4.0 அல்லது அதற்குப் பிந்தையதாகவோ, உங்கள் லினக்ஸ் டிஸ்ட்ரோ அந்தத் திருத்தங்களைப் பழைய பதிப்பில் சேர்த்ததாகவோ இருக்கட்டும்; டீமனில் இருந்த ஒரு மோசமான நினைவகப் பாதுகாப்பு ஓட்டையை 2025 ஜனவரியில்தான் அடைத்தார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலையே அந்த நான்கு அளவுகளையும் எடுத்துவிடுவேன். நள்ளிரவு தாண்டியதும் இசட்டை எடுத்து, ஏஇஎஸ்-128-ஜிசிஎம் வரியைச் சேர்த்து, இமேஜ்களை டார் வழியாகவும் பேக்கப்களை ஒரு ஆர்சிங்க் வழியாகவும் தொடங்கிவிட்டு, பத்து நிமிடம் டாப்பின் முன் உட்காருவேன். டிஸ்க் 400 எம்பியில் நின்றால் சனிக்கிழமை விடிவதற்குள் காப்பி முடிந்திருக்கும். மீதி நேரத்தை இரு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 எடுத்து ஒப்பிடவும், புது இடத்தில் இரண்டு மூன்று மெஷின்களை பூட் செய்து பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு எண்களை எழுதி அனுப்பினால், எது மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.